திரும்ப வாங்கிய தாலாட்டு

என் தங்கையின் கணவருக்கு நல்ல பொருளை நாசமாக்குவதுதான் உத்தியோகம். பழசை உடைத்துத் தகரம் வேறு கம்பி வேறாகப் பிரிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஆலை அந்த ரகமில்லை. அங்கே வருவதெல்லாம் புத்தம் புதுசு. உறை பிரிக்காத ஹெட்போன், கைரேகை படாத டேப்லெட், மூலையில் தெர்மாகோல்கூட நசுங்காத டிவி. எதிலும் ஒரு குறை கிடையாது. அவை செய்த ஒரே குற்றம், உள்ளே இருக்கும் ஏதோ ஒரு யோசனைக்கு வேறொரு கம்பெனி முன்பே காப்புரிமை வாங்கி வைத்திருந்ததுதான். வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். தோற்றவன் அந்தச் சரக்கை விற்கவும் கூடாது, வைத்துக்கொள்ளவும் கூடாது, இல்லாதவர்களுக்குச் சும்மா கொடுக்கவும் கூடாது. லாரியில் ஏறி மாப்பிள்ளையிடம் வந்து சேரும்.

குடும்பத்தில் அவருக்கு நொறுக்கி என்று பெயர். வைத்தவன் நான்தான். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் கடை. நான் விற்பதை அவர் உடைக்கிறார், ஒரே குடும்பத்தில் இரண்டு வியாபாரம் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவருக்குக் கோபமே வராது. ஆள் பார்க்கத்தான் தூண் மாதிரி, மனசு பஞ்சு. ஒருமுறை நொறுக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் பூனை ஒன்று படுத்துத் தூங்கியிருக்கிறது. கடைசி நிமிஷத்தில் பார்த்து எடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு பழக்கம். சரக்கை உள்ளே கொண்டுபோகும் பெல்ட்டை ஓட விடும் முன்னால் இரும்புத் தடியால் வாயோரத்தில் தட்டி, குனிந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று உள்ளே குரல் கொடுப்பார். கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். "பதில் வந்தா என்ன மாப்ள பண்ணுவீங்க?" என்று நானும் கேட்டிருக்கிறேன். "வராது மச்சான்" என்பார்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது என் கடையிலிருந்து ஒரு தாலாட்டு முட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது அது சக்கைப்போடு போட்ட சாமான். கோழி முட்டையை நாலு மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். தொட்டில் பக்கத்தில் வைத்துவிட வேண்டியது. குழந்தை அழுதால் அதுவே விழித்துக்கொண்டு அம்மாவின் குரலில் முனகும். அழுகை நிற்காவிட்டால் "உஷ்ஷ்" என்று சமாதானம் செய்யும். அதற்கும் மசியாவிட்டால் பேசும். மூன்றையும் அம்மாதான் முதலில் பதிவு செய்து கொடுக்க வேண்டும். என்ன ராகம், என்ன பேச்சு என்று திணறக் கூடாதே என்று முட்டையே ஒரு ராகத்தை வாசித்துக் காட்டும்; "அழாத, அம்மா இங்கதான் இருக்கேன்" என்று ஒரு வாக்கியத்தையும் சொல்லிக் கொடுக்கும். செல்லப் பெயரை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் தங்கை பதிவு செய்யும்போது சிரிப்பு வந்து வந்து, ராகத்தின் முடிவில் ஒரு பெருமூச்சு சேர்ந்துவிட்டது. "இருக்கட்டும் அண்ணா, அது என் கையெழுத்து" என்றாள். குழந்தைக்குச் சிட்டு என்று கூப்பிடு பெயர்.

சிட்டு தவழ ஆரம்பித்த சமயம் தங்கைக்குத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. குரல் போய்விட்டது. முற்றிலும் ஊமையாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. பேசுவாள், ஆனால் அது காற்றும் கரகரப்பும் கலந்த ஒரு சத்தம். பக்கத்தில் காதை வைத்தால்தான் வார்த்தையாகும். பாட முயன்றால், கதவு கீல் கத்துவது போல் ஒரு கீச்சு வரும். முதல் தடவை அதைக் கேட்டுச் சிட்டு பயந்து வீரிட்டாள். அப்புறம் தங்கை அவள் முன்னால் வாயைத் திறக்கவே யோசித்தாள்.

அந்த வீட்டுக்குப் போனாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். தங்கை சமையலறையில் என் எதிரில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். குழந்தை சிணுங்கும். உள்ளறையிலிருந்து அவள் குரல் கேட்கும். பழைய குரல், தேன் மாதிரி. கத்தி ஒரு நொடி நிற்கும், திரும்ப நறுக்கும். அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை. மாப்பிள்ளையோ அந்த நேரத்தில் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு உள்ளறை வாசலில் போய் நிற்பார். போனில்கூட அவளுடைய பழைய குரல் என்று பெரிதாக எதுவும் இல்லை. படம் எடுத்தவள் எப்போதும் அவளே. எல்லா வீடியோவிலும் "சிரி, சிரி" என்று ஒரு சொல் கேட்கும், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் தீர்ப்பு வந்தது. அழுகையைக் கேட்டு, அதை அழுகை என்று தெரிந்துகொண்டு, பதிந்து வைத்த குரலில் பதில் சொல்வது தங்கள் யோசனை என்று ஒரு பெரிய கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. அந்தக் கம்பெனி தொட்டில் சாமான் எதையும் செய்ததில்லை. யோசனையை மட்டும் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. ஜெயித்துவிட்டது. அழுகிற பிள்ளைக்குப் பதில் சொல்வதற்குக்கூட ஒரு சொந்தக்காரன் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் போய்க் கத்துவது?

கடையில் ஒரு வாரத்துக்குள் அலமாரி காலி. முட்டையைச் செய்த கம்பெனி மட்டுமல்ல, அதே மாதிரி சாமான் செய்த மற்றவர்களும் நமக்கேன் வம்பு என்று தாங்களாகவே சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஜெயித்தவர்களின் அனுமதியோடு ஒரே ஒரு பொருள் வந்தது. இரண்டு மடங்கு விலை. அதில் அம்மாவின் குரலைப் பதிய முடியாது. யாரோ ஒரு பெண்ணின் குரல் உள்ளேயே இருக்கும். எந்த வீட்டுக் குழந்தை அழுதாலும் அந்த ஒரே பெண்தான் பதில் சொல்வாள். மாலை நேரத்தில் எங்கள் குடியிருப்புப் படிகளில் ஏறினால் மாடிக்கு மாடி, கதவுக்குக் கதவு அவள் குரலே கேட்கிறது. எனக்குப் பிடரி சிலிர்க்கும்.

விற்ற முட்டைகளையும் திரும்ப வாங்கச் சொல்லி உத்தரவு. கொடுக்காதவர்களின் முட்டை, இணையத்தில் சேர்ந்த மறுகணமே தானாக ஊமையாகிவிடும் என்றார்கள். என் கடை வாசலிலும் ஒரு அட்டைப் பெட்டி வைத்தேன். முட்டையின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கிழித்துப் படிவத்தில் ஒட்டிக்கொண்டு, முட்டையைப் பெட்டியில் போட வேண்டியது. தாய்மார்கள் வந்து போட்டார்கள். சிலர் போடும் முன் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

ஒரு நாள் காலை கூட்டமில்லாத நேரத்தில் என் தங்கை வந்து நின்றாள். கைப்பையில் முட்டை.

"உனக்கென்ன பைத்தியமா? வீட்டுக்குள்ள வந்து யாரும் தேட மாட்டாங்க. இணையத்துல சேக்காம வச்சுக்கோ" என்றேன்.

தலையை ஆட்டினாள். என் காதருகே வந்தாள். "நான் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா, அண்ணா. அது கூப்பிட்டா ஓடுறா. அது நான்தான். ஆனா நான் இல்ல."

"மாப்ளைக்குத் தெரியுமா?"

எண்ணைத் தானே கிழித்து என் மேஜையிலிருந்த படிவத்தில் ஒட்டிவிட்டு முட்டையைப் பெட்டிக்குள் போட்டாள். மற்ற முட்டைகளோடு அது உருண்டு கலந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மாப்பிள்ளை முட்டை காணாமல் போனதைக் கவனித்துவிட்டு என் கடைக்கு ஓடி வருவதற்குள் பெட்டியை வண்டி வந்து எடுத்துப் போயிருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எங்க மச்சான் போச்சு?"

"எங்க போகும்? எல்லா முட்டையும் போற இடத்துக்குத்தான். உங்க ஆலைக்கு."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத்தான் தெரியுமே. எல்லாக் கடைகளின் பெட்டிகளும் ஆலைக் கிடங்கில் ஒன்றாகக் கொட்டப்பட்டு மலையாகக் கிடந்தன. கோர்ட்டு அதிகாரி வந்து கண்ணால் பார்க்கும் நாள்வரை அவற்றைத் தொடக் கூடாது.

"எங்க வீட்டு முட்டையில சிட்டு கடிச்ச தடம் இருக்கும்" என்றார்.

பாவம், போய்ப் பார்த்தால் பாதி முட்டைகளில் பல் தடம். எந்தக் குழந்தைதான் கடிக்காமல் விட்டது?

அதற்குமேல் நடந்ததை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். நொறுக்கும் பற்கள் ஓடாமல் பெல்ட் மட்டும் ஓடினால் அதன் உருளை விடாமல் கத்தும். அது என்றைக்கும் உள்ளதுதான். அன்று சாப்பாட்டு வேளையில் ஆட்கள் வெளியே போயிருந்தபோது வேறு ஏதோ வேலையாகப் பெல்ட்டை ஓட விட்டிருக்கிறார். உருளை கத்தியிருக்கிறது. கிடங்கின் இருட்டு மூலையில் முட்டை மலை முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம் பற்றியிருக்கிறது. அவ்வளவு முட்டைகளும் விழித்துக்கொண்டு முனக ஆரம்பித்திருக்கின்றன. உருளையின் கத்தலை அவை குழந்தையின் அழுகை என்று நினைத்துக்கொண்டன.

"எத்தனை பொம்பளைங்க மச்சான்" என்றார் அவர். "ஒருத்தரும் இல்லாத கிடங்குல. எல்லாரும் ஒரே ராகம். எனக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு."

இன்னொருவராக இருந்தால் ஓட்டம் பிடித்திருப்பார். இவர் மறுநாளும் அதே வேளையில் பெல்ட்டை ஒரு தடவை கத்த விட்டு நிறுத்திவிட்டு, மலைக்குள் இறங்கினார். நிறுத்தாமல் ஓட விட்டால் மேற்பார்வையாளர் வந்துவிடுவார். அந்தக் கொஞ்ச நேர முனகலுக்குள் ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்பார். எல்லாம் முட்டை சொல்லிக் கொடுத்த ராகம்தான். அவர் தேடியது முடிவில் வரும் பெருமூச்சை. நாள் தவறாமல் செய்தார். வீட்டுக்கு வந்தால் காதுக்குள் பெண்கள் முனகிக்கொண்டே இருப்பார்கள் என்றார். கடைசியில் ஒரு நாள் ராகம் முடிந்து ஒரு பெருமூச்சு கேட்டது. சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கே எடைதான் கணக்கு என்பதால், அதே கனத்துக்கு ஒரு உடைந்த சார்ஜரை மலையில் போட்டுவிட்டு வந்தார்.

தங்கை அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சிட்டு அழுதாள், முட்டை முனகியது, சிட்டு தூங்கினாள். மாப்பிள்ளை வாசற்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழையபடி ஆனது என்று நினைத்தார்.

ஒரு விடுமுறை நாள் மதியம் நான் அங்கே போயிருந்தேன். சிட்டுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். இரண்டு வயதை நெருங்கும் குழந்தை. இன்னும் சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசவில்லை. அழ மட்டும் நன்றாகத் தெரியும். முட்டை முனகியது. அழுகை நிற்கவில்லை. "உஷ்ஷ்" என்றது. நிற்கவில்லை. கொண்டுவந்ததிலிருந்து அது மூன்றாம் கட்டத்துக்குப் போனதே இல்லை. அன்று போனது.

"அழாத ராசா. அம்மா இங்கதான் இருக்கேன்."

மாப்பிள்ளையின் கையிலிருந்த தண்ணீர்க் குவளை சாய்ந்து சட்டையெல்லாம் நனைந்தது. யாரோ ஒரு வீட்டு ராசாவின் அம்மா எங்கள் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளாக.

அவர் மெதுவாகத் திரும்பினார். "இது நீ இல்லையா?"

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "மொத நாளே தெரியும்" என்றாள், அந்தக் காற்றுக் குரலில்.

"ஏன் சொல்லல?"

"நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

அடித்திருந்தால்கூட அவர் அப்படிச் சுருங்கியிருக்க மாட்டார். எனக்கு இருவர் மேலும் ஆத்திரமாக வந்தது, இருவரையும் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. சிட்டு இன்னும் அழுதுகொண்டிருந்தாள். தங்கை எழுந்து போய் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள். பாட ஆரம்பித்தாள்.

கீச்சென்றுதான் வந்தது. உடைந்து, காற்றாகி, மறுபடி கீச்சென்று. அவள் நிறுத்தவில்லை. சிட்டு பயத்தில் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயையே பார்த்தாள். அறையில் இப்போது அழுகைச் சத்தமே இல்லை. அப்போது முட்டையில் விளக்கு எரிந்தது.

முனக ஆரம்பித்தது. தங்கை பாடப் பாட அதுவும் முனகியது. "உஷ்ஷ்" என்றது. என் தங்கையின் பாட்டை அது அழுகை என்று எடுத்துக்கொண்டது. குழந்தையைத் தேற்றுகிற மாதிரி அவளைத் தேற்றியது.

"அழாத ராசா. அம்மா இங்கதான் இருக்கேன்."

சிட்டு முட்டையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். குட்டிக் கையால் அம்மாவின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை முட்டையை எடுத்துப் போய்க் குளியலறைக்குள் துணிக் கூடையில் புதைத்துவிட்டு வந்தார். துணிக்கு அடியிலிருந்தும் அது கொஞ்ச நேரம் கேட்டது.

நொறுக்கும் நாளன்று கடைக்காரர்கள் சார்பில் ஒருவர் சாட்சியாக நிற்க வேண்டும். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளை சாப்பாட்டுப் பையிலிருந்து அந்த முட்டையை எடுத்து யாரும் பார்க்காமல் மலையில் சேர்த்துவிட்டார். முட்டைகளை அள்ளிப் பெல்ட்டின் இந்தக் கோடியில் நிரப்பினார்கள். மலையில் எங்கோ என் தங்கையின் முட்டையும் இருந்தது.

கோர்ட்டு அதிகாரி கழுத்துப்பட்டை கட்டிய மனிதர். எல்லாவற்றையும் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை வழக்கம்போலத் தடியால் இயந்திரத்தின் வாயோரத்தில் தட்டினார். குனிந்தார்.

"யாராவது இருக்கீங்களா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை பெல்ட்டின் பொத்தானை அழுத்தினார். உருளை கத்தியது. அதிகாரி, "அப்படியே மெதுவா ஓடட்டும், இன்னும் ரெண்டு படம்" என்று சொல்லிக்கொண்டு இப்படியும் அப்படியும் நகர்ந்தார். நொறுக்கும் பற்கள் இன்னும் ஓடவில்லை. உருளை மட்டும் விடாமல் கத்தியது. மலை முழுக்க வெளிச்சம் பற்றியது. முனகல். பிறகு "உஷ்ஷ்" என்று ஒரு பெரிய மூச்சு, கிடங்கையே தூங்க வைப்பது போல. பிறகு எல்லாப் பெண்களும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள்.

"அழாத கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்." "பட்டு, அம்மா இங்கதான் இருக்கேன்." "அழாத ராசா." "குஞ்சு, அழாத." "அம்மா இங்கதான் இருக்கேன்." "இங்கதான் இருக்கேன்."

அதிகாரியின் கை கேமராவோடு அந்தரத்தில் நின்றது. அந்த இரைச்சலுக்குள், பெல்ட்டின் நடுவிலிருந்து, எனக்கும் கேட்டது.

"சிட்டுக்குட்டி, அழாத. அம்மா இங்கதான் இருக்கேன்."

மாப்பிள்ளையின் கை சிவப்புப் பொத்தானில் அறைந்தது. பெல்ட் நின்றது. கத்தலும் நின்றது. ஒவ்வொரு குரலாக அணைந்து போயிற்று. எல்லா முட்டைகளும் வெள்ளையாக, ஒரே மாதிரி கிடந்தன.

"என்ன ஆச்சு?" என்றார் அதிகாரி.

மாப்பிள்ளை பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டி எடுக்கும் தூரம்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல சார். பெல்ட்டு சறுக்குது" என்றார். பற்களை ஓட விட்டார். அந்தச் சத்தத்தில் அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "குரலை வச்சுக் கண்டுபிடிக்கல மச்சான். பேரை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். பேரு சொல்லலைன்னா அவதான்னு தெரிஞ்சிருக்காது." அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தேன்.

தங்கை கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இப்ப பேசுறியே, இதே மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

பச்சைப் பொய். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுவைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தொண்டையில் சிரிப்பும் கீச்சென்றுதான் வந்தது, உடைந்து உடைந்து, தேம்புவது போல.

உள்ளறையிலிருந்து சிட்டு தள்ளாடி நடந்து வந்தாள். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அவள் வாயிலிருந்து முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் வந்தது. மழலை இல்லை. ஏற்ற இறக்கம்கூடப் பிசகவில்லை. முடிவில் ஒரு பெருமூச்சும் இருந்தது.

"அழாத ராசா" என்றாள். "அம்மா இங்கதான் இருக்கேன்."